நெருப்பு ஓரிடம், வெப்பம் ஓரிடம்

உதகையின் சனவரி மாதக் குளிரை இந்த மலரைப் படிக்கும் யாருக்கும் நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பள்ளிக்கு வரும்போது புல்வெளி முழுவதும் உப்பைத் தூவினாற்போல் உறைபனி கிடக்கும். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் விரல் மடங்காது. முதல் பாடவேளையில் எழுதிய எழுத்தை மூன்றாம் பாடவேளையில் எங்களாலேயே படிக்க முடியாது.

சென்ற சனவரியில் ஒரு திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. மாலையில்தான் காரணம் தெரிந்தது. முந்தின இரவு எங்கள் தோழியின் வீட்டில் இரும்புச் சட்டி நிறையக் கரித்தணலை அள்ளிப் படுக்கையறையில் வைத்து, சன்னலையும் கதவையும் இறுகச் சாத்திவிட்டு எல்லாரும் படுத்திருக்கிறார்கள். நடுஇரவில் அவள் தம்பி வாந்தியெடுத்தான். அவனைத் தூக்க எழுந்த அம்மாவுக்குக் கால் நிற்கவில்லை. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறார். அது திறந்ததால்தான் எங்கள் தோழி இன்று எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் போடாமல் இதை எழுதலாம் என்று அவளே சொன்னாள்.

போதிய பிராணவாயு கிடைக்காமல் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும் என்று நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். அந்தச் சமன்பாட்டைத் தேர்விலும் எழுதியிருக்கிறோம். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு எழ முடியாத உறக்கம். இவ்வளவும் தெரிந்த எங்களில் எத்தனை பேர் வீட்டில் அதே தணல் சட்டி இருந்தது என்று விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் ஆசிரியை கேட்டபோது, உயர்ந்த கைகளை எண்ணிப் பார்க்க எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருத்தி கேட்டாள்: "நம் ஊரில் பூச்சியம் டிகிரிக்கே இப்படி என்றால், ஐரோப்பாவில் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி என்கிறார்களே, அவர்கள் என்ன செய்கிறார்கள்?" இந்தக் கேள்விக்கு விடை எங்கள் மடத்திலேயே இருந்தது. ஆஸ்திரியா நாட்டில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய சிஸ்டர் ஒருவர், தாம் தங்கியிருந்த மடத்துக்குப் பக்கத்து வீட்டுத் தச்சர் குடும்பத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னார். வீடும் பட்டறையும் ஒரே வளாகத்தில் இருக்க, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கொதிகலன். அதற்கு உணவு, மரச்சில்லு. இந்த மூன்று மாதமாக நாங்கள் கேட்டும் படித்தும் கணக்குப் போட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் பாட்டிமார் வீட்டுச் செம்பு பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். குழாயில் கொட்டாங்கச்சியையும் சிராயையும் போட்டுப் பற்றவைத்தால் புகை மேலே போகும், தண்ணீர் சுடும். புகை தண்ணீரைத் தொடுவதில்லை, வெப்பம் மட்டும் செம்பைத் தாண்டி வருகிறது. அந்த வெந்நீரைக் குளிக்க எடுக்காமல், குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பி, சுவரோரம் நிற்கும் தட்டையான இரும்புப் பெட்டிகளுக்குள் ஓடவிட்டு, ஆறிய பிறகு பாய்லருக்கே திரும்பக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? தச்சர் வீட்டில் நடப்பது இதுதான். நெருப்பு ஓரிடத்தில் இருக்க, வெப்பம் வேறோரிடத்தில் இருக்கிறது. இடையில் தூதுபோவது தண்ணீர்.

ஆஸ்திரியாவில் ஏறத்தாழப் பாதி நிலம் காடு. சிஸ்டர் இருந்த ஸ்டீரியா மாநிலத்தில் பாதிக்கும் மேல். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமே அங்கே மிகுதி. நேரான அடிமரம் பலகைக்குப் போய்விடும். வளைந்த மரம், உச்சிக் கொம்பு, மற்றவை நன்கு வளர்வதற்காக இடையிடையே களைந்தெடுக்கும் இளமரம், பட்டறையில் மிஞ்சும் துண்டு துணுக்கு ஆகியவைதாம் சில்லாகின்றன. வெட்டிய இடத்தில் மீண்டும் காடு வளர்க்க வேண்டும் என்று 1975-ஆம் ஆண்டின் வனச் சட்டம் சொல்கிறது. 1973-இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையைச் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காக்கியபோது, எண்ணெய் எரித்துக் குளிர் காய்ந்த ஐரோப்பிய வீடுகள் திகைத்துப் போயின. கொல்லையில் காட்டை வைத்துக்கொண்டு அரபு நாட்டு எண்ணெய்க்குக் காத்திருப்பானேன் என்று பலரும் மரத்துக்குத் திரும்பினர். விறகைப் போலன்றி, சில்லை இயந்திரமே வாரி நெருப்பில் போட முடியும். நடுஇரவில் எழுந்து அடுப்பைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

இனி சில்லைப் பார்ப்போம். தீப்பெட்டி அளவில் மூன்று சென்டிமீட்டர் போல வெட்டிய துண்டுகள் அவை. டிராக்டரோடு வரும் வெட்டும் இயந்திரம் ஒரு குளிர்காலத்துக்குத் தேவையானதை ஒரே நாளில் வெட்டிக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆனால், மரத்தை வெட்டியவுடன் சில்லாக்கக் கூடாது. ஓராண்டாவது முழுமரமாக அடுக்கி வெயிலிலும் காற்றிலும் காயவிட வேண்டும். ஏன் என்பதற்கு நாங்கள் கணக்குப் போட்டோம். அது எங்களுக்கு மிகவும் பிடித்த கணக்கு.

முற்றும் உலர்ந்த ஒரு கிலோ ஊசியிலை மரம் எரிந்தால் ஏறத்தாழ 5.2 யூனிட் வெப்பம் தரும். மின்கட்டண அட்டையில் எழுதும் அதே யூனிட்தான். பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். ஆகவே ஒரு கிலோவில் உண்மையான மரம் அரைக் கிலோ. அது தரும் 2.6 யூனிட்டிலும், கூட இருக்கும் அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 0.3 யூனிட்டுக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது சுமார் 2.25. அதே மரத்தை நூற்றுக்கு இருபது பங்கு ஈரம் நிற்கும்வரை காயவைத்தால், ஒரு கிலோவுக்கு 4 யூனிட் கிடைக்கிறது. ஈரவிறகு வைத்து ஊதி ஊதிக் கண்ணெரிந்த அம்மாக்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. எண்ணாகப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது: ஈரவிறகு எரிக்கிறவர் தண்ணீரைக் கொதிக்கவைத்து வானத்துக்கு அனுப்புகிறார்.

ஈரச் சில்லைக் குவித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. சாணக்குவியல் உள்ளே சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். நுண்ணுயிர்களால் சில்லுக் குவியலும் அப்படியே சூடேறும். பூஞ்சை பிடிக்கும், மரம் மக்கி வெப்பம் குறையும். பெருங்குவியல்கள் தாமே பற்றிக்கொண்டதும் உண்டு.

சில்லு இருக்கும் அறைக்கும் கொதிகலனுக்கும் நடுவில் ஒரு சுவர். அறையின் தரையில் எஃகுக் கைகள் மெல்லச் சுழன்று சில்லை நடுப்பள்ளத்துக்குத் தள்ளும். பள்ளத்தில் நீண்ட இரும்புத் திருகு ஒன்று சுழல்கிறது. கைம்மா அரைக்கும் இயந்திரத்தினுள்ளே இருக்குமே, அதைப் போலப் பெரியது. அது சில்லைச் சுவர் தாண்டி அடுப்புக்குள் கொண்டுபோகும். அப்படியானால் நெருப்பும் அதே வழியாகத் திரும்பிச் சில்லறைக்குப் போகாதா என்று நாங்கள் கேட்டோம். போகக்கூடும். அதற்காகவே வழியில் ஒரு சுழல்கதவு இருக்கிறது. அதன் அறைகளில் சில்லு விழுந்து சுற்றி மறுபக்கம் போகும், எந்த நிலையிலும் நேர்வழி திறந்திராது. அதையும் மீறித் திருகுக்குழாய் சூடேறினால், மின்சாரம் இல்லாமலே ஓர் அடைப்பான் திறந்து தண்ணீரைக் கொட்டி அணைத்துவிடும்.

அடுப்புக்குள் நடப்பதைச் சிஸ்டர் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். மரம் நேராக எரிவதில்லை. முதலில் ஈரம் போகிறது. பிறகு இருநூறு டிகிரிக்கு மேல் மரம் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களை வெளிவிடுகிறது. நாம் சுவாலை என்பது அந்த வாயு எரிவதே. கடைசியில் மிஞ்சும் கரி தணலாகக் கனன்று எரிகிறது. சாதாரண அடுப்பில் அந்த வாயுவில் ஒரு பகுதி எரியாமலே தப்பிப் போகிறது. கண்ணைக் கரிக்கும் புகையும், எங்கள் தோழியின் வீட்டுக்கு எமனாக வந்த வாயுவும் எரியாமல் தப்பிய எரிபொருள்தாம்.

ஆகையால் இந்தக் கொதிகலனில் காற்று இரண்டு இடத்தில் நுழைகிறது. கீழேயிருந்து வரும் காற்று சில்லை வாயுவாக்கித் தணலை எரிக்கும். மேலே, செங்கல் பதித்த சூடான அறைக்குள் இரண்டாவது காற்று வேகமாகப் புகுந்து அந்த வாயுவோடு நன்கு கலந்து, எண்ணூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதை எரித்து முடிக்கும். கார்பன் மோனாக்சைடு மீண்டும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். புகைபோக்கியின் வாயிலில் லாம்டா உணரி என்ற சிறு கருவி, வெளியேறும் புகையில் எவ்வளவு பிராணவாயு மிஞ்சியிருக்கிறது என்று ஓயாமல் அளந்து, காற்றையும் சில்லையும் கூட்டிக் குறைக்கச் சொல்லும். மோட்டார் வண்டிகளின் புகைக்குழாயிலும் இதே கருவி இருக்கிறது. ஒழுங்காக எரியும்போது புகைபோக்கியின் மேல் ஒன்றுமே தெரியாது என்றார் சிஸ்டர். முதல் குளிர்காலம் முழுவதும், பக்கத்து வீட்டில் யாரும் அடுப்பே மூட்டவில்லை என்று நினைத்திருந்தாராம்!

எரிந்த வாயு, தண்ணீர் சூழ்ந்த குழாய்களின் வழியே சென்று தன் வெப்பத்தின் பெரும்பகுதியைத் தந்துவிட்டு வெளியேறுகிறது. மரத்தின் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை தண்ணீருக்கு வந்துசேரும். உதகையின் பழைய பங்களாக்களில் வெள்ளைக்காரர் கட்டிவைத்த கணப்படுப்புகள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அவற்றிலோ நூற்றுக்கு எண்பதுக்கு மேல் புகைபோக்கி வழியே போய்விடும். அதன் முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு நடுங்கும்.

சூடான தண்ணீர் நேரே அறைகளுக்குப் போவதில்லை. முதலில் ஒரு பெரிய தொட்டியில் சேர்கிறது. கஞ்சி காய்ச்சும் அடுப்பைப் போல இந்தக் கொதிகலனை நினைத்தபோது ஏற்றி நினைத்தபோது இறக்க முடியாது. அரைகுறையாக எரியவிட்டால் புகையும் தாரும் சேரும். ஆகவே முழுவீச்சில் எரியவிட்டு, வெப்பத்தைத் தொட்டியில் சேர்த்துவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரை நாற்பது டிகிரியிலிருந்து எண்பதுக்கு ஏற்றினால் நாற்பதாயிரம் கிலோ கலோரி. 860 கிலோ கலோரி ஒரு யூனிட். ஆக 46 யூனிட்டுக்கு மேல் தொட்டிக்குள் தூங்குகிறது. திரும்பி வரும் தண்ணீரும் மிகவும் குளிர்ந்திருக்கக் கூடாது. ஐம்பத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் புகையிலுள்ள ஆவி குழாய்ச்சுவரில் வியர்த்து இரும்பை அரித்துவிடும். அதனால் வரும் வழியிலேயே கொஞ்சம் வெந்நீரைக் கலந்து அனுப்புகிறார்கள்.

பட்டறைக்கு வெந்நீர், நிலத்துக்கடியில் புதைத்த, வெப்பம் கசியாமல் கனமாகப் போர்த்திய இரட்டைக் குழாயில் போகிறது. ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பும். தச்சுப்பட்டறைக்கு இது வெறும் சொகுசு அன்று. குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டிய நாற்காலிக் கால் வாங்கியவர் வீட்டில் கழன்று விழும். அப்படியென்று பட்டறைக்குள் அடுப்பு வைக்கலாமா? இழைத்த சுருளும் அறுத்த தூளும் நிறைந்த இடம் அது. காற்றில் மிதக்கும் மரத்தூள் ஒரு பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. தச்சருக்கு வெப்பம் வேண்டும், நெருப்பு மட்டும் அருகே வரக்கூடாது. நம் தோழியின் வீட்டுச் சிக்கலும் இதேதான் அல்லவா?

இப்படி ஒரு வீட்டுக்கும் சிறு பட்டறைக்கும் 30 கிலோவாட் கொதிகலன் ஒன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். முழுவீச்சில் எரியும்போது மணிக்கு எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல் சில்லு தின்னும். குளிர்காலம் முழுவதற்கும் 45,000 யூனிட் வெப்பம் தேவையென்றால், நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் 50,000 யூனிட்டுக்குச் சில்லு வேண்டும். அது பன்னிரண்டரை டன். பொலபொலவென்று கொட்டிய சில்லு ஒரு கன மீட்டர் இருநூறு கிலோ இருக்குமாதலால், அறுபது கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். எங்கள் வகுப்பறையை நாடாவால் அளந்து பார்த்தோம். மூன்றில் ஒரு பங்கு நிறைந்துவிடும். எண்ணெயாக இருந்தால் 5,000 லிட்டர், ஒரு மூலையில் அடங்கியிருக்கும். சாம்பல் எடையில் நூற்றுக்கு ஒன்று என்று கொண்டால் ஆண்டுக்கு 125 கிலோ. அதைத் தோட்டத்துக்குப் போடுகிறார்கள். ஆனால் வர்ணம் பூசிய பலகையையும் பசை போட்டு ஒட்டிய பிளைவுட்டையும் இதில் எரிக்கக் கூடாது. அப்புறம் சாம்பலும் நஞ்சு, புகையும் நஞ்சு.

குறையே இல்லாத பொருளைப் போல எழுதிவிட்டோமோ என்று தோன்றுகிறது. குறைகள் உண்டு. கருவியின் விலை எண்ணெய்க் கொதிகலனைவிடப் பல மடங்கு. திருகு, விசிறி, நீரேற்றி எல்லாம் மின்சாரத்தால் ஓடுபவை. மின்சாரம் நின்றால் அறை நிறையச் சில்லு இருந்தும் குளிர்தான். சில்லு ஒரே அளவாக இல்லாவிட்டால் வேறு துன்பம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, முழங்கை நீளக் குச்சி ஒன்று திருகில் குறுக்கே சிக்கி, தச்சரும் அவர் மகனும் இரவெல்லாம் மண்வெட்டியால் சில்லை வாரி வெளியே கொட்டினார்களாம். அப்போது தச்சர் ஜெர்மன் மொழியில் சொன்னவற்றை எங்களுக்கு மொழிபெயர்க்கச் சிஸ்டர் மறுத்துவிட்டார்.

எங்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அந்தச் சில்லறைக் கதவில் ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டாம்: காற்றோட்டம் விடாமல், தனியாக, உள்ளே நுழையாதே. உள்ளேதான் நெருப்பே இல்லையே! ஆனாலும் மரத்திலுள்ள எண்ணெய்ப்பசை காற்றோடு மெல்லச் சேரும்போது கார்பன் மோனாக்சைடு வெளியாகும், பிராணவாயுவும் குறையும். மரத்தூளை அழுத்திச் செய்யும் குச்சித் துண்டுகளில் இது இன்னும் அதிகம். 2006-இல் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் அத்தகைய துண்டுகளை ஏற்றிவந்த கப்பலில், சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இறந்துபோனார். ஆகவே தச்சர் முதலில் திருகை நிறுத்துவார், கதவைத் திறந்து காற்றாட விடுவார், மகனை வாசலில் நிறுத்திவிட்டே உள்ளே இறங்குவார். எத்தனையோ ஆண்டு பழக்கப்பட்ட மனிதர். ஒருநாளும் தனியாக இறங்கமாட்டாராம்.

நம் மலைக்கு இது ஏற்குமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வேண்டாம் என்ற கட்சியே வென்றது. அங்கே ஆறு மாதம் இரவும் பகலும் எரிய வேண்டும். நமக்குச் சில வாரங்களின் இரவுகள்தாம். அவ்வளவுக்கு யாரும் இலட்சங்களைக் கொட்டமாட்டார்கள். மேலும், விறகுக்காகச் சோலைகள் அழிந்ததால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே யூக்கலிப்டஸ் மரத்தை நட்டார்கள். வீட்டுக்கு வீடு கொதிகலன் வந்தால் மறுபடியும் அதே கதை தொடங்கும். ஆனால் இந்தத் தத்துவம் நம் மலையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. எங்களில் ஒருத்தியின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே விறகு எரிகிறது. ஆனால் இலையைக் காயவைக்கும் சூடான காற்றில் புகை துளியும் கலப்பதில்லை. நெருப்பு இரும்பைச் சுடவைக்கிறது, இரும்பு காற்றைச் சுடவைக்கிறது. "புகை பட்டால் அந்தத் தேயிலையை யாரம்மா வாங்குவார்?" என்றார் அவர். தேயிலைக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு நாம் காட்டவில்லையே என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

எங்கள் தோழியின் வீட்டில் இப்போது பழைய செம்பு பாய்லருக்கு ஈயம் பூசிக் கொல்லையில் வைத்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குச் சிராய் போட்டு மூட்டி, ஆளுக்கொரு ரப்பர் பையில் இரண்டு லிட்டர் வெந்நீர் நிரப்பிக் கம்பளிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பை எழுபது டிகிரியிலிருந்து முப்பதுக்கு ஆறுவதற்குள் எண்பது கிலோ கலோரி தரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். பாட்டிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "தணல்ல கை காட்டுற சுகம் இந்த ரப்பர்ல வருமாடி?" என்று தினமும் கேட்கிறாராம். அதனால் அவருக்காக ஒரு சிறு சட்டி திறந்த திண்ணையில் இருக்கிறது. ஒன்பது மணி வரை அவர் கை காயலாம். ஒன்பது அடித்ததும் அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நிற்பார். "அணையட்டும், அணையட்டும்" என்று பாட்டி முணுமுணுத்தபடி எழுந்து உள்ளே போவார்.